கருவிக்கு முன் கேள்வி: மின்னிலக்கக் கற்பித்தலில் முதுகலை ஆய்வு

மின்னிலக்கத் தொழில்நுட்பவழிக் கற்றல் கற்பித்தல் இன்று பல்கலைக்கழகங்களில் தனியொரு முதுகலைத் துறையாக வளர்ந்துள்ளது. தமிழாசிரியர்களும் இத்துறையை நாடத் தொடங்கியுள்ளனர். அத்துறைக்குள் ஒரு தமிழாசிரியர் எதனைக் கொண்டு செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இத்துறையில் நெடுநாளாக நிகழும் விவாதம் ஒன்று உண்டு. கற்றலை விளைவிப்பது கற்பிக்கும் முறையே அன்றி ஊடகம் அன்று. ஊடகம் பாடத்தைச் சுமந்து வரும் ஊர்தி போன்றதே என 1983இல் ரிச்சர்ட் கிளார்க் வாதிட்டார். ஒவ்வோர் ஊடகத்திற்கும் உரிய தனித்திறன், கற்போரின் சிந்தனையோடு இணையும்போது கற்றலின் தன்மையை மாற்றக்கூடும் என 1991இல் ராபர்ட் கோஸ்மா மறுத்துரைத்தார். பின்னர் 2006இல் புன்யா மிஷ்ரா, மேத்யூ கோஹ்லர் ஆகிய இருவரும், பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணையுமிடத்தில்தான் நல்ல கற்பித்தல் பிறக்கிறது என்னும் கோட்பாட்டை விரித்துரைத்தனர்.

இம்மூன்றனுள் தொழில்நுட்ப அறிவையும் கற்பித்தல் அறிவையும் பல்கலைக்கழகம் வழங்கும். தமிழ் பற்றிய நுண்ணறிவை ஆசிரியரே உடன்கொண்டு செல்ல வேண்டும். அஃது இல்லாதவிடத்து ஆய்வு, 'இச்செயலி மாணவர்க்குப் பிடித்திருந்தது' என்னும் முடிவோடு நின்றுவிடும். புதிய கருவி எதுவாயினும் சில நாள்கள் பிடிக்கத்தான் செய்யும்.

தட்டச்சினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1999இல் தமிழ்நாட்டில் உருப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையில் 'பந்து' என்று எழுத விரும்பும் மாணவர் ப, ந, த, உ ஆகிய விசைகளைத் தட்டினால் போதும். நகரத்தின் மேல் புள்ளியை மென்பொருளே இட்டுவிடும். 'அம்மா' என்பதிலும் மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரம் தானே புள்ளி பெறும். இனவெழுத்து, இரட்டித்தல் ஆகிய தமிழின் எழுத்தியல்புகளை அறிந்து அமைத்த வசதி இது.

ஆங்கில எழுத்துகளின் ஒலிவழித் தட்டச்சு வேறு வகையானது. அதனோடு சொற்பரிந்துரையும் சேர்ந்துவிட்டால், மாணவர் தோராயமாக ஒலியைத் தட்டியதும் 'பல்லி', 'பள்ளி' என இரண்டும் திரையில் தோன்றும். அவர் ஒன்றனைத் தெரிவு செய்கிறார். கண்ட சொல்லை அடையாளம் காண்பது வேறு. காணாத சொல்லை நினைவிலிருந்து எழுதுவது வேறு. சிலரது பேச்சில் லகர ளகர வேறுபாடு மங்கிவரும் சூழலில் இவ்வேறுபாட்டைப் புறக்கணிக்க இயலாது.

இங்கே முதுகலை ஆய்வுக்குரிய நல்ல கேள்வி ஒன்று பிறக்கிறது: புள்ளியை மென்பொருள் இட்டுப் பழகிய மாணவர், தாளில் எழுதும்போது தாமே புள்ளி இடுகிறாரா? ஒரே சொற்பட்டியலை ஒரு குழு கையாலும், ஒரு குழு தமிழ்99 முறையிலும், ஒரு குழு பரிந்துரையுடன் கூடிய ஒலிவழி முறையிலும் பயிலட்டும். புதுமையின் கவர்ச்சி அடங்குமளவு கால இடைவெளி தந்து, பயிற்சி முடிந்ததும் ஒருமுறை, சில வாரங்கள் கழித்து மறுமுறை, கருவியின்றிச் சொல்வதெழுதுதல் நடத்தலாம். கருவியை அகற்றிய பின் மாணவரிடம் எஞ்சுவதே கற்றல். முடிவு எத்திசையில் அமையினும் அது வகுப்பறைக்குப் பயன்படும்.

இதனை வெறும் ஆய்வு நுணுக்கம் எனக் கருதலாகாது. சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களுள் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். பல பிள்ளைகளுக்குத் தமிழை எழுதிப் பழகும் இடம் வகுப்பறை மட்டுமே. அந்நேரத்தை ஒரு கருவிக்கு ஒதுக்குமுன், அது தருவது என்ன, கொள்வது என்ன என்பதை அறிந்தாக வேண்டும்.

எனவே, இத்துறையில் மேற்படிப்பை விழையும் ஆசிரியர்கள், விண்ணப்பம் எழுதுமுன் தம் மாணவரின் பயிற்சி ஏடுகளை ஒரு தவணைக் காலம் கூர்ந்து நோக்குவார்களாக. மீண்டும் மீண்டும் தோன்றும் பிழை ஒன்றனைக் குறித்துக்கொண்டு, அஃது ஏன் தோன்றுகிறது என்பதை மொழியியல் நோக்கில் ஆராய்வார்களாக. அப்பிழைக்கு ஏற்ற கருவியைத் தேடுவது அடுத்த படி.