ஈர விறகு யாருக்கு நட்டம்?



பால்மரம் 25, 30 வருடம் நமக்குப் பால் கொடுக்கிறது. மறுநடவு வந்ததும் சாய்கிறது. நல்ல அடிமரம் பலகை ஆலைக்குப் போகிறது. கிளையும் கோணல் மரமும் பாய்லருக்கு விறகாகின்றன. அந்த நீராவிச் சூட்டில்தான் பலகை காய்கிறது.

"பலகைய காய வைக்கத்தான் பாய்லரே இருக்கு. அந்தப் பாய்லருக்குப் போடுற விறகு மட்டும் சொட்டச் சொட்ட ஈரமா இருக்கலாமா தம்பி?" என்று பாய்லர்கார அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இதில் நம் முதுகும் கூலியும் சேர்ந்தே இருக்கின்றன.

ஈரம் தின்னும் சூடு

அப்போதுதான் வெட்டிய பால்மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ பச்சை விறகில் 40 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆவியாக்கவே ஏறத்தாழ 6 கிலோ உலர்ந்த மரத்தின் சூடு செலவாகிவிடும். அதைவிடப் பெரிய நட்டம் வேறு. நெருப்பின் சூடு தணிந்து, எரிய வேண்டிய வாயு எரியாமல் புகையாக வெளியேறும். குழாய்களில் கரி படியும். நீராவி ஏறாது. பாய்லர்காரர் மேலும் மேலும் விறகைத் தள்ளுவார். அந்தக் கூடுதல் விறகையும் யாரோ வெட்டிச் சுமந்திருக்க வேண்டும், இல்லையா?

கூலிக் கணக்கு

இப்படி இருந்தும் ஈர விறகே ஏன் வருகிறது? எடை பார்த்துக் கூலி கொடுக்கும் இடத்தில், அதே 100 கிலோ விறகு நன்றாகக் காய்ந்தால் 75 கிலோதான் நிற்கும். காய வைத்தவனுக்கு 25 கிலோ கூலி போச்சு! பிறகு எவன் காய வைப்பான்?

விறகை அடுக்கி, ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் என்று அட்டி அளந்து கூலி போட்டால் இந்த வம்பு இல்லை. காய்ந்தாலும் அட்டி அவ்வளவாகச் சுருங்காது. "நீ சந்து விட்டு அடுக்கிட்டே" என்ற சண்டை வராமலிருக்க, அடுக்கும் முறையை முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். எடைதான் வேண்டும் என்றால், காய்ந்த விறகுக்குத் தனி விலை கேளுங்கள். தனியாளாகப் போய்க் கேட்காமல் சங்கத்தின் மூலம் கேட்பது நல்லது.

எத்தனை தடவை குனிகிறோம்?

ஒரு கட்டையைக் காட்டில் பொறுக்குகிறோம், லோரியில் ஏற்றுகிறோம், இறக்குகிறோம், அறுக்கிறோம், பிளக்கிறோம், அடுக்குகிறோம், மறுபடி பாய்லருக்குச் சுமக்கிறோம். ஏழு தடவை! நாளைக்கு 5 டன் விறகு என்றால், ஒரு தடவை குறைந்தாலும் 5 டன் சுமை உடம்பிலிருந்து இறங்குகிறது.

அடுப்பின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக ஓர் அளவுக் குச்சி வெட்டிக்கொண்டு, காட்டிலேயே அந்த அளவுக்கு அறுத்துவிடுங்கள். கட்டையைத் தரையில் கிடத்தி அறுக்காமல் மரக்குதிரை மேல் ஏற்றி அறுத்தால் இடுப்பு தப்பும். லோரி இறங்கும் இடத்திலேயே பிளந்து, பாய்லருக்கு உருட்டிப் போகும் கூண்டு வண்டியிலேயே அடுக்கிவிட்டால் இரண்டு சுமை மிச்சம்.

ஆறு அங்குலத்துக்கு மேல் பருத்த கட்டையைப் பிளந்தே ஆக வேண்டும். பட்டை தண்ணீரை உள்ளே பூட்டி வைக்கும்; பிளந்த பக்கம் சீக்கிரம் காயும்.

அடுக்கும் முறை

பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். மண்ணில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். ஆகவே இரண்டு கழிகளைப் போட்டு, தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி அடுக்குங்கள். மேலே மட்டும் கூரை. பக்கங்களில் காற்று புகட்டும். சுற்றிலும் பிளாஸ்டிக் போட்டு மூடினால் விறகு புழுங்கிப்போகும். அடுக்கிய தேதியைச் சுண்ணக்கட்டியால் எழுதி வையுங்கள். முன்னால் வந்தது முன்னால் எரிய வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க, ஒரு கட்டைக்கு அடையாளமிட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் விறகு தயார். இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'கணீர்' என்று கேட்கும். 'மொத்' என்றால் இன்னும் ஈரம்.

அடுப்பில் ஒரேயடியாகத் திணிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உடனே கதவை மூடுவதே முறை. புகைபோக்கியில் கரும்புகை எழுந்தால் காற்று போதவில்லை, அல்லது விறகு சரியில்லை.

உயிர் முக்கியம்

பழைய பால்மரத்தில் மங்குக் கம்பியும் தகரப் பீலியும் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். அறுக்கும் முன் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். செயின்சா நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால் இயந்திரம் முகத்தை நோக்கி உதைக்கும். நுனியால் அறுக்கவே கூடாது.

தலைக்கவசம், கண்ணாடி, காலணி இவற்றுக்குக் கூலியில் பிடித்தம் செய்யலாமா? கூடாது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமான்களுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1-இல் அமலுக்கு வந்தது. உடனடி ஆபத்து என்று தக்க காரணத்தோடு நம்பினால், அதை முதலாளியிடம் சொல்லியும் அவர் சரி செய்யாதபோது, அந்த இடத்தை விட்டு விலக அது நமக்கு உரிமை தருகிறது.

நாளைப் பெரட்டில் மண்டோரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "விறகுக்குக் கூரை எப்போ போடுறீங்க? கூலி எடைக்கா, அட்டிக்கா?" இவற்றுக்குச் சரியான பதில் கிடைத்தால் பாய்லரும் நன்றாக எரியும், நம் வீட்டு அடுப்பும் எரியும்.