மாடித் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

சென்ற ஐப்பசியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர், பத்து நாள் இடைவெளியில், டெங்குக் காய்ச்சலுடன் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டனர். அக்காள் தேறி வீடு திரும்பிய நான்காம் நாள் தம்பி வந்து சேர்ந்தான். வீட்டைச் சுற்றிப் பழைய டயரோ கொட்டாங்கச்சியோ கிடையாது, குடங்களையும் மூடியே வைத்திருக்கிறோம் என்று தந்தை உறுதியாகக் கூறினார். மாடித் தொட்டியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். குடிவந்த நாளிலிருந்து மேலே ஏறியதே இல்லை என்றார். அன்று மாலையே ஏறிப் பார்த்துக் கைப்பேசியில் படம் எடுத்து வந்தார். உடைந்த மூடிக்குப் பதிலாகப் பழைய பிளக்ஸ் விரிப்பொன்றைப் போட்டு, யாரோ செங்கற்களை வைத்து அழுத்தியிருந்தார்கள். விரிப்பின் குழிவில் தேங்கிய மழைநீரிலும் தொட்டிக்குள்ளும் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டுத் தொட்டியைப் பார்த்தும் ஓராண்டு ஆகியிருந்தது.

நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தொட்டி இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. கொள்ளிடக் கூட்டுக் குடிநீர் எல்லாத் தெருக்களுக்கும் எல்லா நாளும் வருவதில்லை. ஆழ்துளைக் கிணறு உள்ள வீட்டிலும் மின்சாரம் இருக்கும்போது ஏற்றி வைத்தால்தான் உண்டு. குசராத்தின் கலோல் நகரிலிருந்து 1970களில் வரத் தொடங்கிய பிளாஸ்டிக் தொட்டியின் வணிகப் பெயரே இன்று நமக்குப் பொதுப்பெயராகி, எந்த நிறுவனத்தின் தொட்டியானாலும் 'சின்டெக்ஸ்' என்கிறோம். அதன் கறுப்பு நிறத்துக்குக் காரணம் உண்டு. வெளிச்சம் உள்ளே புகாவிட்டால் பாசி வளராது. ஆனால் மூடி திறந்து கிடந்தால் அந்தப் பயன் போய்விடுகிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் சேமித்து வைக்கும் தெளிந்த நீரையே தேடி வருகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். தொட்டியைக் காலி செய்து வெயிலில் காயவிட்டாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் ஏறி அவற்றைத் தொட்டவுடன் பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். எனவே நீரை வடித்துவிட்டாலே தொட்டி சுத்தமாகிவிட்டது என்று எண்ணுவது தவறு. சுவரை, குறிப்பாக வழக்கமான நீர்மட்டக் கோட்டை ஒட்டிய பகுதியை, அழுத்தித் தேய்த்தால்தான் முட்டைகள் அகலும். 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர் என்றும் 65 பேர் இறந்தனர் என்றும் அரசுக் கணக்கு கூறுகிறது. அந்த ஆண்டில் இரவுப் பணி பார்த்த மருத்துவர் எவரும் அதை எளிதில் மறக்கமாட்டார்.

புதிதாகத் தொட்டி வைப்போர் முதலில் எடையை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன். தொட்டியின் அடிப்பகுதி முழுவதும் சமதளத்தில் அமரவேண்டும்; நான்கு கற்களின் மேலோ இரும்புச் சட்டத்தின் மேலோ விளிம்பு மட்டும் தாங்கும்படி வைத்தால், நாளடைவில் அடி தொய்ந்து விரிசல் விடும். பழைய வீடானால் தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரைக் கேட்டுவிடுங்கள். பலர் மாடிப்படி அறையின் உச்சியில், கைப்பிடிச் சுவர்கூட இல்லாத இடத்தில் தொட்டியை வைக்கிறார்கள். நீரின் அழுத்தம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஏறுவதற்கு அஞ்சும் இடத்தில் உள்ள தொட்டியை யாரும் கழுவமாட்டார்கள். துணிந்து ஏறுபவர் தவறி விழுந்தால் எலும்பு முறிவுப் பிரிவில்தான் வந்து சேர்வார். வீட்டுக்குச் செல்லும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து சில அங்குலம் மேலே இருக்கட்டும்; வண்டல் கீழேயே தங்கும். அந்த வண்டலை வெளியேற்ற அடிமட்டத்தில் தனி வால்வு வேண்டும். நிரம்பி வழியும் குழாயின் வாயிலும் காற்றுக்குழாயின் வாயிலும் கொசு நுழையாத நெருக்கமான வலையைக் கட்டுங்கள். மூடியை மறக்காதவர்கள்கூட இவ்விரண்டு வாய்களை மறந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் பல வீடுகளில் கூரைக்கடியில் இத்தகைய தொட்டி உண்டு. இறுக்கமான மூடியும், குழாய் வாய்களில் பூச்சி புகாத வலையும் வேண்டும் என்று அங்கே 1999ஆம் ஆண்டின் நீர் விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. சமையலறைக் குழாய்க்குப் பெரும்பாலும் தெருக் குழாயின் நீர் நேரடியாகவே வருகிறது. தொட்டி நீர் குளிக்கவும் துவைக்கவும்தான். நம் வீடுகளிலும் தெருக் குழாயிலிருந்து நேரடியாகப் பிடித்த நீரைக் குடிக்க வைத்துக்கொள்வது நல்லது. அதையும் காய்ச்சியே குடியுங்கள். காக்கை எச்சமும் செத்த பல்லியும் விழுந்த தொட்டி நீரைக் குடித்து வயிற்றுப்போக்குடன் வருவோரை ஆண்டு முழுவதும் பார்க்கிறோம்.

அடுத்துச் சொல்லப்போவதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். அரியலூர் மண்ணுக்கடியில் இருப்பது பழங்காலக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புப் பாறை. சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்ததும் அதனால்தான். இப்பகுதியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீரே கிடைக்கிறது. அது தொட்டியின் சுவரில் வெள்ளைப் படிவாகப் படிகிறது. அதைக் கரைக்கக் கழிவறை ஆசிட்டை ஊற்றித் தேய்த்து, பிறகு கிருமி சாகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் போடுகிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள்ளேயே தங்கி, குனிந்து தேய்ப்பவரின் மூக்குக்கு நேரே நிற்கும். கண் எரிச்சலும் இருமலும் உடனே தோன்றும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட முற்றி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். அப்படி நேர்ந்தால் பாதிக்கப்பட்டவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவாருங்கள். கண்களைக் குழாய் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். காப்பாற்றப் போகிறவர் தொட்டிக்குள் தலையை நுழைக்கக் கூடாது. உண்மையில் அந்த வெள்ளைப் படிவால் உடலுக்குக் கேடில்லை. நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் வருமளவு வரட்டும். ஆசிட் வேண்டவே வேண்டாம்.

கழுவும் முறை எளிது. மோட்டாரின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, நீரை வடித்து, வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்து இருமுறை அலசுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளியவிடுங்கள். தொட்டியில் நீரை நிரப்பி, அத்தெளிந்த கரைசலை ஊற்றி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இந்த நீரை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று வீட்டாரிடம், முக்கியமாகப் பிள்ளைகளிடம், முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். காலையில் எல்லாக் குழாய்களையும் திறந்து முழுவதையும் வெளியேற்றி, நல்ல நீரால் அலசிய பிறகு வழக்கம்போல் நிரப்பலாம். செடிகளுக்கு அந்நீரை விடாதீர்கள். தரையடித் தொட்டிக்குள் மட்டும் நீங்களாக இறங்க வேண்டாம். காற்றில்லாத குழி அது, அதற்குப் பழகிய ஆட்களை அழையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது என் கணக்கு. முடியாதவர்கள் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், கட்டாயம் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் செய்துவிடுங்கள். இடைப்பட்ட காலத்தில் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தால் போதும். நம் ஊராட்சிகளின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளில் சுத்தம் செய்த தேதியை எழுதி வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் கதவைத் தட்டினால், மாடி பூட்டியிருக்கிறது என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

தம்பி நலமடைந்து மறுபரிசோதனைக்கு வந்தபோது தந்தை இன்னொரு படத்தைக் காட்டினார். புதிய மூடி; அது காற்றில் பறக்காதிருக்கக் கம்பியால் கட்டு; பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் கழுவிய தேதி. வழியும் குழாயின் வாய் மட்டும் திறந்தே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். வலை வாங்கப் போகிறேன் என்று கூறி, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் குழாயின் அளவைக் குறித்துக்கொண்டார்.