விகடகவியை அறியாத கணினி

நம் பள்ளியில் தமிழ் மன்றம் உண்டு, அறிவியல் மன்றம் உண்டு, சாரணியர் படை உண்டு. இவற்றோடு நிரல் மன்றம் என ஒன்றும் இருப்பதைப் பெற்றோர் பலர் அறியார். வெள்ளிக்கிழமை மாலை கடைசி மணி அடித்ததும் கணினி அறையில் கூடுகிறோம். ஒரு கணினிக்கு மூவர். ஆத்தூர், சின்னாளப்பட்டிப் பக்கமிருந்து வரும் தோழியர் ஐந்தே கால் மணிப் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டும். ஆகவே எங்களுக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரமே. ஆண்டு மலருக்கு மன்ற அறிக்கை கேட்கப்பட்டபோது, வெற்றிகளை மட்டும் எழுதினால் அரைப் பக்கமும் நிரம்பாது என்று கண்டோம். ஆதலால் எங்கள் தவறுகளையே விளக்கி எழுதத் துணிந்தோம்.

முதலில், நிரல் என்பது யாது? கணினிக்கு நாம் வரிசைப்படி எழுதித் தரும் கட்டளைகளே நிரல். "கடைக்குப் போய்ப் பருப்பு வாங்கி வா" என்று அம்மா சொன்னால், எந்தக் கடை, என்ன பருப்பு, எவ்வளவு என்பதையெல்லாம் நாம் ஊகித்துக் கொள்கிறோம். கணினிக்கு ஊகம் கிடையாது. நாம் சொன்னதைச் செய்யும். சொல்ல நினைத்ததைச் செய்யாது. எங்கள் சங்கடங்கள் யாவும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் பிறந்தன.

அக்டோபர் ஜெபமாலை மாதம் அல்லவா? ஜெபமாலையின் மணிகளைத் திரையில் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதினோம். தொடக்கத்தில் மூன்று, பின்பு பத்துப் பத்தாக ஐந்து முறை. ஆக 53 அருள் நிறை மந்திரங்கள். நிரல் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் நின்று தம் ஜெபமாலையை உருட்டியபடி பார்த்துக் கொண்டிருந்த அருட்சகோதரி, "என்னம்மா இது, ஒன்பதிலேயே திரித்துவப் புகழுக்குப் போய்விட்டீர்களே!" என்றார். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 47 தான்! ஆறு மணிகளைக் கணினி விழுங்கிவிட்டது. காரணம் எளிது. பைத்தானில் 'ரேஞ்ச்' என்ற கட்டளைக்கு 1, 10 என்று கொடுத்தால் அது 1 முதல் 9 வரையே எண்ணும். 10ஐத் தொடுமுன் நின்றுவிடும். பத்து வேண்டுமானால் 11 என்று கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பத்திலும் ஒன்று, முதல் மூன்றில் ஒன்று என ஆறு மணிகள் குறைந்தது இப்படித்தான். இத்தவறைச் செய்யாத நிரலாளர் உலகில் இல்லை என்று எங்கள் ஆசிரியை தேற்றினார்.

மதிப்பெண் கூட்டும் நிரலோ எங்களை ஒரு நாள் மேதைகளாக்கியது. கணக்கில் 45, அறிவியலில் 40, கூட்டினால் 4540! விசைப்பலகையில் தட்டுவதை எல்லாம் பைத்தான் எழுத்தாகவே பெறுகிறது. அதை எண்ணாக மாற்று என்று நாம் சொல்லாவிட்டால், இரண்டையும் மாலை தொடுப்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில் கோத்துவிடும். இவை தவிர, சேமிக்காமல் விட்ட நிரலை மின்தடை கொண்டு போனதும், 'பிரிண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து இடம் மாறியதற்காக இருபது நிமிடம் தேடியதும் வாராவாரம் நடப்பவை. தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்றொரு மொழியை முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கி 2009இல் வெளியிட்டார். அதில் 'பிரிண்ட்' என்பதற்குப் 'பதிப்பி' என்றே எழுதலாம். அதிலும் நாங்கள் எழுத்துப் பிழை விட்டோம் என்பது வேறு கதை.

நிரலில் உள்ள பிழையை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி, என்பார்கள். பொறியாளர் வழக்கில் இச்சொல் முன்பே இருந்தது. 1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினிக்குள் மெய்யாகவே ஒரு விட்டில் பூச்சி அகப்பட்டது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அங்கே பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இக்கதையைப் பலமுறை சொல்லிப் புகழ்பெறச் செய்தார். கணினி ஆண்பிள்ளைகள் விஷயம் என்று எண்ணுவோருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு கன்னியாஸ்திரீ! மேரி கென்னத் கெல்லர் என்னும் அந்த அருட்சகோதரி 1965இல் பட்டம் பெற்று, அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி நடத்தினார். இதைக் கேட்ட நாள் முதல் எங்கள் அறைக்கு வரும் அருட்சகோதரிகளின் எண்ணிக்கை சற்றுக் கூடியிருக்கிறது.

இனி, எங்களைச் சிரிக்க விடாத தவற்றுக்கு வருவோம். தமிழ் மன்ற விழாவுக்காக ஒரு நிரல் எழுதினோம். ஒரு சொல்லைத் தட்டினால் அதில் எத்தனை எழுத்து, திருப்பிப் படித்தாலும் அதே சொல்தானா என்று அது சொல்ல வேண்டும். முதலில் 'விகடகவி' என்று தட்டினோம். "இல்லை" என்றது கணினி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த விகடகவியை அது அறியவில்லை! 'திண்டுக்கல்' என்பதைத் திருப்பச் சொன்னோம். முன்னால் ஒரு புள்ளி அநாதையாய் நிற்க, 'லக்குட்ணித' என்று வந்தது. கூடியிருந்தோர் கைகொட்டிச் சிரித்தனர்.

அப்போது ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நம் ஊர்ப் பெருமையான 'பூட்டு' என்ற சொல்லைத் தட்டினாள். தன் நோட்டில் முன்பே 3 என்று எழுதி வைத்திருந்தாள். கணினி 6 என்றது. அவள் சற்றும் தயங்காமல் 3ஐ அழித்துவிட்டு 6 என்று எழுதிக் கொண்டாள். சரியான விடையை எங்கள் நிரல் அல்லவா அழிக்க வைத்தது!

காரணத்தைத் தேடினோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் என்னும் முறை 1991இல் வெளியாயிற்று. தமிழுக்கு அதில் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. நம் எழுத்துகளோ 247. உயிரெழுத்துகளுக்கும், 'க', 'ட', 'ப' போன்ற அகரமேறிய எழுத்துகளுக்கும் தனித்தனி எண் உண்டு. மற்ற உயிர்மெய்களுக்குத் தனி எண் இல்லை; எழுத்துக்கு ஓர் எண், குறிக்கு ஓர் எண். மெய்யெழுத்துக்கும் அவ்வாறே, புள்ளிக்குத் தனி எண். ஆகவே 'பூட்டு' என்பது கணினிக்கு ப, ஊகாரக் குறி, ட, புள்ளி, ட, உகாரக் குறி என ஆறு. விகடகவியில் நமக்கு எழுத்து 5, அதற்கு 7. திருப்பினால் கடைசி 'வி'யின் குறி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தின்றி நிற்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்னும் முறையையும் 2010இல் தமிழக அரசு ஏற்றது. எனினும் நாம் அன்றாடம் காண்பது யூனிகோடே.

பிழை கணினியினுடையதும் அன்று, தமிழினுடையதும் அன்று. 'எழுத்து' என்று நாங்கள் எதைக் கருதுகிறோம் என்பதை அதற்குச் சொல்லவில்லை. அடுத்த இரு வாரங்களில் சொல்லிக் கொடுத்தோம். குறியோ புள்ளியோ வந்தால் தனியே எண்ணாதே, முந்தைய எழுத்தோடு சேர்த்துக்கொள் என்பதே விதி. பன்னிரண்டு வரிகளில் முடிந்தது. இதே வேலையைச் செய்ய 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது என்பது பின்னர்தான் தெரிந்தது. தெரியாமற் போனதும் நல்லதே.

அச்சிறுமியைத் தேடி அழைத்து வந்தோம். 'பூட்டு' என்று தட்டினாள், 3. 'விகடகவி', ஆம். நோட்டை எடுத்து 6ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதினாள். பிறகு தன் தோழியின் பெயரான 'லக்ஷ்மி'யைத் தட்டினாள். கணினி 4 என்றது. "க்ஷ் ஒரே எழுத்துதானே அக்கா? அப்படியானால் மூன்றுதானே வரும்?" என்று கேட்டாள். நாங்கள் தமிழாசிரியையின் முகத்தைப் பார்த்தோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை சொல்வதாகக் கூறிப் போயிருக்கிறார்.