பசி வட்டத்து ட்ரூயிட்: ஓர் உடலியல் நோக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் பசிக்கும் ஒரு கணக்கு உண்டு. 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, கதைமாந்தர் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு உணவு உண்ண வேண்டும். நடுத்தர உடலுரம் வாய்த்தவர் மூன்று நாள் உண்ணாமல் தாங்குவார். அதற்கு மேல் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி களைப்பு ஏறும். ஆறாம் படியில் சாவு. ஆக, ஒன்பதாம் நாளோடு அவர் கதை முடிந்தது.

மெய்யான மனித உடல் அவ்வளவு விரைவில் தோற்பதில்லை. 1981-இல் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த 10 பேரும் 46 முதல் 73 நாள் வரை தாங்கினர். விளையாட்டு பசியை வெறும் கழித்தல் கணக்காகவே காண்கிறது. உயிரியலோ பசியை உடலின் ஆட்சிமாற்றமாகக் காண்கிறது. பசியை ஆற்றலாகக் கொண்ட ஒரு ட்ரூயிட் உட்பிரிவை வகுக்க விழைவோர் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ட்ரூயிட் என்போர் பண்டைக் கெல்டிய மக்களின் பூசகர். இவ்விளையாட்டில் அவர் காட்டின் காவலர், விலங்குரு எடுக்க வல்லவர். அவர்தம் உட்பிரிவுகள் ‘வட்டம்’ எனப்படும். பசியின் வட்டத்துக்கு முதல் தடையாக நிற்பது அவருடைய சொந்த மந்திரமே. குட்பெர்ரி என்னும் முதல்நிலை மந்திரம் பத்துக் கனிகளைத் தரும்; ஒவ்வொன்றும் ஒருவரின் ஒருநாள் உணவுக்கு ஈடாகும். குழுவில் ட்ரூயிட் ஒருவர் இருந்தால் பசி பற்றிய விதி முழுவதும் ஏட்டுச் சுரைக்காய்தான். மணிமேகலையில் விருச்சிக முனிவர் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியை உண்டு இடைக்காலமெல்லாம் பசியின்றி வாழ்வார். அக்கனியைக் காலால் சிதைத்த காயசண்டிகையை யானைத்தீ என்னும் அடங்காப் பசி பற்றும். பசியை ஒழிக்கும் கனியையும் பசியாகிய சாபத்தையும் அக்காப்பியம் பாடிய சாத்தனார் ஒரே கதையில் வைத்தார். விளையாட்டை வகுத்தோர் கனியை மட்டும் பறித்துக்கொண்டனர் போலும்.

பசி வட்டம் என்றதும் பலருக்கும் தோன்றுவது கண்டதையெல்லாம் விழுங்கும் அரக்கவாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பெருந்தீனியே அன்றிப் பசியன்று. பசியின் அரியணை மூளையில் இருக்கிறது. வெற்று இரைப்பை சுரக்கும் கிரெலின் என்னும் இயக்குநீரை 1999-இல் சப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். அது குருதிவழி ஏறி, மூளையின் அடித்தளத்திலுள்ள ஹைப்போதலாமசில் ஒரு சிறு நரம்புக்கூட்டத்தைத் தூண்டும். அங்கிருந்து உடலெங்கும் ஆணை பறக்கும். கல்லீரலில் சேர்த்த கிளைக்கோஜன் ஏறத்தாழ ஒரு நாளில் தீரும். பின்னர்க் கொழுப்பு கரையும். அதிலிருந்து பிறக்கும் கீட்டோன்களை மூளையே உணவாக ஏற்கப் பழகும். தசை விரைந்து கரையாமல் காக்கும் ஏற்பாடு இது.

இந்த ஆட்சிமாற்றத்தை அணுக்கமாய்ப் பார்த்தவர் ஆன்செல் கீஸ். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பரில் அவர் தொடங்கிய ஆய்வுக்கு, படைக்கலம் ஏந்த மனச்சான்று இடங்கொடாத 36 இளைஞர் தாமாக முன்வந்தனர். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்று உணவே கிடைத்தது. எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது; கோடையிலும் குளிர் வாட்டியது. உடல் தன் விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்துக்கொண்டிருந்தது. உள்ளமோ ஒரே விளக்கின்கீழ் குவிந்தது. அவர்கள் தட்டை நக்கினர். உணவில் நீர் கலந்து அளவைப் பெருக்கினர். சமையல் நூல்களைத் தேடித்தேடிப் படித்தனர். நகைச்சுவையும் காம வேட்கையும் அவர்களை விட்டகன்றன. உண்ணாத நாள்தோறும் ட்ரூயிட்டின் புலன் உணவின்மேல் கூர்மையாக வேண்டும், ஏனைய அனைத்தின்மேலும் மழுங்க வேண்டும் என்று விதி எழுதுவோர்க்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டா. இரை எங்கே பதுங்கியிருக்கிறது என்பதை அந்த ட்ரூயிட் அறிவார். தோழன் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்க மாட்டார்.

2018-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர் இன்னொன்றையும் காட்டினர். பசித்த எலிகளுக்கு அழற்சியால் நீடிக்கும் வலி அடங்கிப்போகிறது. சூடுபட்டாற்போன்ற உடனடி வலியோ அப்படியே இருக்கிறது. முன்சொன்ன நரம்புக்கூட்டமே இதையும் ஆள்கிறது. காயத்தை நக்கிக்கொண்டு குகையில் கிடந்தால் விலங்கு பட்டினியால் மடியும்; நெருப்பை உணராமல் போனால் அன்றே மடியும். எத்துணை நுட்பமான பிரிப்பு! ஆட்டத்தில் இரண்டாம் நிலைக்கு வளர்ந்த ட்ரூயிட்டுக்கு நான் தரும் முதல் ஆற்றல் இதுவே: நஞ்சு, பழங்காயம் முதலியவற்றால் தொடர்ந்து வரும் துன்பம் பசித்திருக்கையில் அவரைத் தடுக்காது, புதிதாய் விழும் வாள்வெட்டு முழுதும் உறைக்கும்.

பசியை முடிப்பதும் எளிதன்று. விளையாட்டின் 2014 விதிப்படி ஒருநாள் வயிறார உண்டால் கணக்கு சுழியத்துக்குத் திரும்பும். நெடும்பட்டினி கிடந்தவர்க்குத் திடீரென நிறைய உணவிட்டால் இன்சுலின் பொங்கி, குருதியிலுள்ள பாஸ்பேட் முதலிய உப்புகள் உயிரணுக்களுக்குள் பாய்ந்துவிடும். குருதியில் அவை வற்றுவதால் இதயம் தடுமாறும், உயிரே போகலாம். ஆதலால் பசி வட்டத்தாரின் மீட்சி கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாய் நடக்கட்டும். நெடுநாள் பசியில் முழுக் குட்பெர்ரி ஒன்றை விழுங்குபவர் பகடை உருட்டித் தப்பட்டும்.

விலங்குருவுக்கு மலைப்பாம்பை விஞ்சியது இல்லை. பர்மிய மலைப்பாம்பு இரையின்றி மாதக்கணக்கில் கிடக்கும். குடல் சுருங்கிக் கிடக்கும். பேரிரை ஒன்றை விழுங்கியதும் குடலின் எடை இரட்டிக்கும். இதயத் தசையோ இரண்டே நாளில் ஏறத்தாழ 40 விழுக்காடு பருக்கும். செரித்து முடிந்தபின் இரண்டும் பழைய அளவுக்கே மீளும். உண்டபின் வலிமையும் அசைவின்மையும் ஒருங்கே பெறும் உருவம் ஆட்டத்துக்கு அழகு சேர்க்கும். ஐரோப்பிய மூஞ்சூறு குளிர்காலத்தில் மண்டையோட்டையும் மூளையையுமே சுருக்கி இளவேனிலில் மீண்டும் வளர்க்கிறது. வியப்புக்குரியதே. எனினும் அறிவுப் புள்ளி குறைந்த பாத்திரத்தை நாலு வாரம் ஆடச் சொன்னால் ஆடுபவர் மேசையை விட்டு எழுந்துவிடுவார், அதை விட்டுவிடலாம்.

பதினான்காம் நிலைக்குரிய பேராற்றலை வட அமெரிக்காவின் மேற்கிலிருந்து எடுப்பேன். மார்மன் சிள்வண்டு எனப்படும் பறக்கவியலாப் பூச்சிகள் அங்குக் கோடிக்கணக்கில் அணிவகுத்து நடக்கும். தலைவன் ஒருவன் நடத்திச் செல்வதாகவே பார்ப்பவர்க்குத் தோன்றும். 2006-இல் வெளிவந்த ஆய்வு உண்மையை உடைத்தது. அப்பூச்சிகளுக்குப் புரதமும் உப்பும் போதவில்லை. அவ்விரண்டும் நிறைந்த பண்டம் பக்கத்தில் நடக்கும் இன்னொரு சிள்வண்டுதான். முன்னே செல்வதைக் கடிக்கலாம், பின்னே வருவது கடிக்கும். நின்றது இரையாகும். ஆகவே எல்லாம் நடக்கின்றன. இதை அப்படியே விதியாக்கலாம்: ட்ரூயிட் தம் பசியை அறுபது அடி வட்டத்துக்கு விரிக்கிறார், அவ்வட்டத்துள் தம் முறையில் நகராமல் நிற்கும் எவரையும், மிக அருகில் இருப்பவர் கடித்தே ஆகவேண்டும். பகைவர், தோழர் என்ற பாகுபாடு இல்லை. நின்றவர் ட்ரூயிட் ஆயினும் அவருக்கும் அதுவே.