மழையில் இறுகாத இழுப்பறை

உழைத்து ஈட்டிய பொருளைப் பேணிக் காப்பதும் ஈட்டுதலுக்கு நிகரான கடமையாகும். நெசவாளர் இல்லத்தில் பட்டு நூலும் சரிகையும், உழவர் இல்லத்தில் உர ரசீதும் கடன் தவணைச் சீட்டும், இருவர் இல்லத்திலும் சங்கத்தின் பாஸ் புத்தகமும் பங்குச் சான்றும் உள்ளன. தணிக்கையின் பொருட்டு இவற்றைக் கேட்கும்போது, மஞ்சள் பையிலிருந்தும் கூரை இடுக்கிலிருந்தும் அவை வெளிவருவதை நாம் கண்டிருக்கிறோம். மழைநீரில் மை கரைந்த ரசீதும், பூச்சி அரித்த பக்கமும் பிணக்கு எழும் நாளில் துணை நில்லா. கட்டிய தவணையைக் கட்டியதாக மெய்ப்பிக்க இயலாமற் போவது சிறிய இழப்பன்று.

ஆதலின் வீட்டுக்கு ஓர் இழுப்பறையேனும் வேண்டும். ஓய்வு நாட்களில் அதனை நாமே செய்துகொள்ளலாம். ஆனால், கோடையில் இலகுவாக ஓடிய இழுப்பறை ஐப்பசி மழையில் இறுகிக்கொள்வதைப் பலர் கண்டிருப்பர். இதற்குக் காரணம் கைத்திறக் குறைவு அன்று. மரத்தின் இயல்பை அறியாமையே.

பருத்தி நூலும் மரமும் ஓரினப் பொருள்கள். இரண்டிலும் செல்லுலோஸே முதன்மையானது. மழைக்காலத்தில் நூல் ஈரத்தை ஏற்பது போல மரமும் ஏற்கிறது, ஏற்றதும் பருக்கிறது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பருப்பதில்லை. பச்சை மரம் முற்றக் காயும்போது நீளவாட்டில் ஆயிரத்தில் 1 அல்லது 2 பங்கே சுருங்கும். அகலவாட்டிலோ, தேக்கு மரம் அறுத்த முறைக்கேற்ப நூற்றுக்கு 2 முதல் 6 பங்கு வரை சுருங்கும். இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால் எஞ்சியவை யாவும் எளிதாகும்.

வைரம் பாய்ந்த தேக்கோ வேம்போ நன்று. வெளிப்புற வெள்ளைப் பகுதியை நீக்கிவிட வேண்டும். பூச்சி முதலில் நாடுவது அதனையே. பிரித்த வீட்டின் பழைய தேக்குப் பலகை கிடைப்பின் அது நன்கு காய்ந்திருக்கும். ஆணிகளைப் பிடுங்கிய பின்னரே இழைக்க வேண்டும்.

இழுப்பறை நுழையும் வாய் 40 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உடையது என்று கொள்வோம். பக்கப் பலகைகளின் ரேகை முன்பின்னாக ஓட வேண்டும். அப்போது அவை நீளத்தில் வளரா, உயரத்திலேயே வளரும். கோடையில் செய்வோர் வாயின் உயரத்திலிருந்து 3 மி.மீ. குறைத்துக்கொள்ளட்டும், மழையில் செய்வோருக்கு 2 மி.மீ. போதும். அகலத்திலும் 2 மி.மீ. இடைவெளி விடுக. பக்கங்களுக்கு 12 மி.மீ., முகப்புக்கு 20 மி.மீ. கனம் தகும்.

முகப்பை இழுக்குந்தோறும் மூலைகளே அவ்விசையைத் தாங்குகின்றன. பக்கப் பலகையின் நுனியைப் புறாவின் வால் போல விரித்து வெட்டி, முகப்பின் பள்ளத்தில் பொருத்தினால் இழுக்க இழுக்கப் பிடிப்பு தளராது. புதிதாகப் பழகுவோர் முகப்பில் காடி வெட்டிப் பசையிட்டு மூங்கில் ஆணி அடிக்கலாம். துரு ஏறும் அச்சமில்லை. பசை உலருமுன் மூலைக்கு மூலை குறுக்காக இருபுறமும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்திருந்தால் சட்டம் நேரானது.

அடிப்பலகையே பலர் இடறும் இடம். அதன் ரேகை இடவலமாக ஓட வேண்டும். அப்போது அது முன்பின்னாகவே வளரும், 45 செ.மீ. ஆழத்துக்கு நான்கைந்து மில்லிமீட்டர் வரை நகரக்கூடும். பக்கங்களிலும் முகப்பிலும் 6 மி.மீ. ஆழக் காடியிட்டு, பின்பலகையை அக்காடிக்கு மேலேயே நிறுத்தி, அடிப்பலகையைப் பின்புறமாகச் செருக வேண்டும். பசை கூடாது, பின்விளிம்பின் நடுவே ஒரே திருகு போதும். பசையிட்டு இறுக்கினால் பலகை வெடிக்கும், அன்றிச் சட்டம் பிளக்கும். ஒட்டுப்பலகை இடுவோருக்கு இக்கவலை குறைவு. பாவும் ஊடையும் போல அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்து ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன.

இழுப்பறை ஓடும் சட்டத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளும். உள்ளிருக்கும் பட்டையும் கறைப்படுத்தும். மேசைக் காலை மண் தரையில் நிறுத்தாது கல்லின் மீது நிறுத்துக; கரையான் ஏறினால் எளிதில் தெரியும்.

இது தச்சரின் பிழைப்பில் கைவைப்பதாகாதா என்று வினவலாம். நியாயமான வினாவே. விசைத்தறியால் நலிந்த கைத்தறியாளர் மற்றொரு கைத்தொழிலாளியை மறத்தல் தகாது. மரம் அறுப்பதையும் இழைப்பதையும் ஊர்த் தச்சரிடமே கூலிக்கு விடுவோம். முதல் இழுப்பறையை அவர் அருகிருந்து, கற்பிக்கும் பொழுதுக்கும் கூலி தந்து செய்வோம். முழுக்கூலி தர இயலாமையால் இழுப்பறையே இல்லாதிருந்த வீட்டிலிருந்து அவருக்கு ஒரு பகுதிக் கூலியேனும் சேரும்.

கருவிகளைத் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. ரம்பம், இழைப்புளி, இரண்டு உளி, சுத்தியல், மூலைமட்டம் ஆகியவற்றை ஐந்து உறுப்பினர் பங்கிட்டு வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம். யார் எந்நாளில் எடுத்தார், எந்நாளில் திருப்பினார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. அக்குறிப்பேட்டை முதலில் முடியும் இழுப்பறையிலேயே வைத்துக்கொள்ளலாம்.