கிழிந்த பக்கமும் ஒரு சட்டி கூழும்

கடந்த பாடசாலை விடுமுறையில் ஒருநாள், கலகெதரையில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் பேத்தி மடிக்கணினியுடன் வந்தாள். "அம்மம்மா, ஒருக்கா இதைப் பாருங்கோ. இட்டலி அவிக்கோணும். எனக்குச் சரிவருதில்லை" என்றாள். கணினி விளையாட்டென்றால் துப்பாக்கிச் சூடுதான் என்று எண்ணியிருந்த நான், அரைமனதோடு பக்கத்தில் அமர்ந்தேன்.

விளையாட்டின் பெயர் 'வெண்பா'. கனடாவின் ரொறன்ரோ நகரில் அபி என்பவரின் தலைமையில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு உருவாக்கி, 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024இல் முதற் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆடி முடித்துவிடலாம்.

1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்ற வெண்பா, கணவர் பாவலன், அங்கு பிறந்த மகன் கவின் ஆகியோரின் கதை இது. வெண்பாவிடம் தாய் தந்த சமையற் கொப்பி ஒன்று இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, எழுத்துகள் அழிந்துவிட்டன. எஞ்சியதை வைத்துச் செய்முறையைக் கண்டுபிடிப்பதுதான் புதிர்.

"மேல் தட்டைக் கொஞ்சம் திருப்பி வை பிள்ளை. குழிக்கு மேல குழி வரக்கூடாது" என்றேன். இட்டலி அவிந்தது. புட்டும் அவித்தோம். ஆனால், மகன் வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். பாவலன் இறந்துபோகிறார். வெண்பா தனித்துப்போகும் இடத்தில் நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

"உங்கட அம்மாவின்ர கொப்பி எங்க, அம்மம்மா?" என்று பேத்தி கேட்டாள்.

1995 ஒக்டோபர் 30 இரவு, ஆறு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தேன். கொப்பி வீட்டு அலுமாரியில் கிடந்தது. பின்னர் அலுமாரியும் இல்லை, வீடும் இல்லை. மறுவருடம் கணவரையும் இழந்தேன். ஒடியல் கூழ் என்றால் அவருக்கு உயிர். சுற்றியிருந்து குடிக்கும் கூழை அதன்பின் நான் காய்ச்சியதே இல்லை. மகளுக்கும் பழக்கவில்லை.

வெண்பா விரும்பிப் புலம்பெயர்ந்தவள்; நாங்களோ விரட்டப்பட்டவர்கள். ஆயினும் ஒன்று எனக்கு உறைத்தது. கொப்பி அழிந்தாலும் செய்முறை என் கையில் இருந்தது. வேதனைக்குப் பயந்து அதை மூடி வைத்தவள் நானேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒடியல் மா எடுப்பித்தோம். பலாக்கொட்டைக்கும் மரவள்ளிக்கும் இங்கு குறைவில்லை. மாவை ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்தால் கசப்புக் குறையும் என்று நான் சொல்ல, பேத்தி எழுதினாள். புளி எவ்வளவு என்று கேட்டபோது அளவு சொல்லத் தெரியவில்லை. உருட்டிக் காட்டினேன். "சின்னத் தேசிக்காய் அளவு" என்று எழுதிக்கொண்டாள்.

முதல் வாய் குடிக்கும்போது அழுதேன். மகளும் அழுதாள். பிறகு இருவரும் இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தோம்.

சகோதரிகளே, போன உயிர்களை எந்தக் கொப்பியும் மீட்டுத் தராது. ஆனால் அவர்கள் விரும்பி உண்டதை, அவர்களின் பேச்சை, பழக்கத்தை நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் எப்படி அறிவார்கள்? மனம் இடங்கொடுக்கும் ஒருநாளில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும்.

எங்கள் கொப்பியில் இப்போது நான்கு பக்கங்கள் நிறைந்துள்ளன. முதற் பக்கத்தின் மேலே பேத்தி எழுதியிருக்கிறாள்: "அம்மப்பாவுக்குப் பிடித்த கூழ்."