வேட்டைக் குண்டும் விலங்கின் உடலும்

1883-ஆம் ஆண்டில் மும்பையில் எண்மர் கூடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அக்கழகம் 1886 முதல் வெளியிட்டுவரும் சஞ்சிகையின் பழைய தொகுதிகளைப் புரட்டுவோர், பறவைகளையும் பாம்புகளையும் பற்றிய ஆராய்ச்சிகளோடு பெருவிலங்கு வேட்டையைப் பற்றிய குறிப்புகளையும் காண்பர். அக்காலத்து இயற்கை ஆராய்ச்சியாளர் பலர் வேட்டைக்காரராகவும் இருந்தனர். மாதுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ கோட்டைப் பகுதிக்குச் சென்று, முன்னர் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம் எனப்பட்ட சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்துள்ள விலங்குகளைப் பார்ப்போர், அக்காலத்தின் சுவடுகளையே பார்க்கின்றனர்.

அவ்வேட்டைக்காரரிடையே ஓயாது எழுந்த வினா ஒன்றுண்டு: எவ்விலங்குக்கு எக்குண்டு தகும்? பொழுதுபோக்கினரின் வீண் வாதமென்று இதனை ஒதுக்கிவிடுதல் இயலாது. தகாத குண்டினால் அடிபட்டுச் சாகாது தப்பிய விலங்கு, நாட்கணக்கில் வேதனையுறும். சிலபோது மனிதரையே கொல்லத் தலைப்படும். இவ்வினாவிற்கு உரிய விடை இயற்பியலிலும் உடற்கூற்றியலிலும் அடங்கியிருக்கிறது.

உறை வந்த வரலாறு

தோட்டா என்பது வெடிமருந்து, பித்தளைக் கூடு, குண்டு ஆகிய அனைத்தும் சேர்ந்தது. அவற்றுள் குழலை விட்டு வெளியேறிச் செல்வது குண்டு மட்டுமே. நெடுங்காலம் அது வெறும் ஈயமாகவே இருந்தது. ஈயம் கனமானது, எளிதில் உருகுவது, மென்மையானது. ஆனால் 1884-இல் பிரான்சு நாட்டின் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கியபின், குண்டின் வேகம் பெரிதும் உயர்ந்தது. குழலின் உட்புறத்திலுள்ள சுழல் வரிப்பள்ளங்களைப் பற்றிச் சுழலவேண்டிய மெல்லிய ஈயம், அவ்வேகத்தைத் தாங்காது வழுக்கி உரிந்து, குழலில் படிந்துவிட்டது. இக்குறையை நீக்க, ஈயத்தின்மேல் செம்பினாலோ செம்புக் கலவையினாலோ உறையிடும் முறை வந்தது. சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் இத்துறையில் முன்னோடி ஆவார்.

உறையிட்ட குண்டு உருக்குலையாமல் உடலை ஊடுருவி மறுபுறம் சென்றது. காயம் குறுகலாகவே அமைந்தது. எனவே இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் 1890-களில், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில், நுனியில் ஈயம் வெளியே தெரியுமாறு குண்டுகளைச் செய்தனர். உடலில் பாய்ந்ததும் அந்நுனி காளான்போல் விரிந்தது. மனிதருக்கு இழைக்கப்படும் இக்கொடுமையைக் கண்டித்து, 1899-இல் ஹேக் நகர மாநாடு, உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் விலக்கும் பிரகடனத்தை வெளியிட்டது. ஆயினும் போரில் விலக்கப்பட்ட அதே அமைப்பு வேட்டையில் நிலைபெற்றது. விலங்கு விரைந்து சாவதே அதற்கு வேதனை குறைவு என்பது அங்கே கூறப்பட்ட நியாயம்.

விரிவும் ஆழமும்

குண்டின் இயக்க ஆற்றல், அதன் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. 1912-இல் வெளிவந்த .375 அங்குல மேக்னம் தோட்டாவின் குண்டு 19.4 கிராம் நிறையுள்ளது; வினாடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர் வேகத்தில் செல்வது. கணக்கிட்டால் 5,750 ஜூல் அளவில் ஆற்றல் கிடைக்கும். ஆனால் இவ்வளவும் விலங்கின் உடலில் செலவாகும் என்பதில்லை. ஊடுருவி வெளியேறும் குண்டு தன் ஆற்றலில் ஒரு பகுதியைத் தன்னோடு கொண்டுபோய்விடும்.

மென்னுனிக் குண்டு தன் விட்டத்தைப்போல் இருமடங்கு விரிந்தால், அதன் முகப்பின் பரப்பு நான்கு மடங்காகிறது. காயம் அகலும், ஆற்றல் உடலுக்குள்ளேயே செலவாகும். ஆனால் தடையும் மிகுவதால் குண்டு விரைவில் நின்றுவிடும். ஆக, விரிவு கூடினால் ஆழம் குறையும். ஆழம் கூடவேண்டுமெனில் விரிவைக் குறைக்கவேண்டும். குண்டைத் தேர்வதென்பது இவ்விரண்டிற்கும் இடையே, விலங்கின் உடலுக்கேற்ற அளவைக் காண்பதேயாகும்.

உடலுக்கேற்ற குண்டு

புலியின் தோல் தடித்ததன்று. தோள்பட்டைக்குப் பின்னால் இதயமும் நுரையீரலும் அதிக ஆழத்தில் இல்லை. எனவே மென்னுனிக் குண்டு அதற்கு ஏற்றதெனக் கொள்ளப்பட்டது. ஆயினும் உறை மிக மெல்லியதாகவும் வேகம் மிக அதிகமாகவும் இருந்தால், குண்டு தோளெலும்பில் பட்டவுடன் சிதறி, மேலோடு பெரும் புண்ணை உண்டாக்கி நின்றுவிடும். காயம் அச்சமூட்டும், ஆனால் உயிர்நிலையைக் குண்டு அடைந்திராது.

காட்டெருதின் நிலை வேறு. நன்கு வளர்ந்த காளை 1,000 கிலோகிராம் வரையிலும் எடையுள்ளது. தோளில் கனத்த எலும்பும் தசையும் திரண்டுள்ளன. அதற்கு, நுனியில் சிறிதளவே ஈயம் தெரியும் தடித்த உறைக் குண்டோ, முழுவதும் உறையிட்ட குண்டோ வேண்டும்.

யானையின் மண்டையோடு காற்றறைகள் நிறைந்த எலும்பாலானது; மூளை அதனுள் வெகு ஆழத்தில் உள்ளது. விரியும் குண்டு அவ்வெலும்பிலேயே அடங்கிவிடும். வளையாமலும் விரியாமலும் நேரே செல்லும் முழு உறைக் குண்டே அங்குப் பயன்படும். யானையைப் பாதுகாக்கச் சென்னை மாகாணத்தில் 1873-லும், இந்திய அளவில் 1879-லும் சட்டங்கள் இயற்றப்பட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது.

பருமன் மட்டும் போதுமா?

1898-இல் ரிக்பி நிறுவனம் .450 அங்குலத் தோட்டாவை வெளியிட்டது. அதன் குண்டு 31 கிராம் நிறையுள்ளது. கலகக்காரர் கைக்கு அக்குண்டுகள் போய்ச் சேரலாமென அஞ்சிய ஆங்கில அரசு, 1907-இல் அவ்வளவினவற்றை இந்தியாவில் தடை செய்தது. அதனாலேயே .470 முதலிய புதிய அளவுகள் தோன்றின. இதற்கிடையே ஆப்பிரிக்காவில் பெல் என்னும் வேட்டைக்காரர், 11 கிராமே நிறையுள்ள 7 மில்லிமீட்டர் முழு உறைக் குண்டுகளால் பல நூறு யானைகளை வீழ்த்தினார்.

இதன் விளக்கம் எளிது. குண்டின் நிறையை அதன் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்துப் பார்த்தால், பெருங்குண்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 29 கிராமும், சிறு குண்டுக்கு 27 கிராமும் கிடைக்கும். நிறை மூன்றிலொரு பங்கேயாயினும், மெலிந்து நீண்டிருப்பதால், ஊடுருவும் திறனில் சிறு குண்டு பெரிதும் பின்தங்குவதில்லை. எனினும் குறி சற்றே தவறினால் பெருங்குண்டின் அதிர்ச்சி யானையைத் தடுமாறச் செய்யும். சிறு குண்டு அவ்வாறு செய்யாது. பெல்லின் வெற்றி, யானைத் தலையின் உள்ளமைப்பை அவர் நன்கறிந்திருந்ததால் விளைந்தது. அவ்வறிவில்லாதவர் கையில் அதே குண்டு காயத்தையே விளைக்கும்.

காயத்தின் விலை

ஜிம் கார்பெட் 1907-இல் குமாவூன் மலைப்பகுதியில் சம்பாவத் பெண்புலியைச் சுட்டுக் கொன்றார். அது 436 பேரைக் கொன்றதாக அவர் கணக்குக் கூறுகிறார். அப்புலியின் வலப்புற மேல், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமையால் அது மனிதரை நாடியது என்பது அவர் கருத்து. இச்செய்திகள் அடங்கிய அவரது நூல் 1944-இல் மும்பையிலிருந்தே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரால் வெளியிடப்பெற்றது. எவரோ ஒருவர் சுட்டுவிட்டுப் போன ஒரு குண்டுக்கு, அவரை அறியாத ஊரார் உயிரை விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

இன்றைய நிலை

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின், இந்தியாவில் பெருவிலங்கு வேட்டை பொழுதுபோக்காக இல்லை. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட புலி, யானை போன்ற விலங்கினைப் பிடிக்கவோ, மயக்கமருந்து செலுத்தவோ, வேறிடம் கொண்டுசெல்லவோ இயலாது எனத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் உறுதிகொண்ட பின்னரே, அதனைக் கொல்ல எழுத்துமூலம் அனுமதி தரலாம். அத்தகைய அரிய வேளையிலும் மேற்கூறிய விதிகளே செல்லும்.

இக்காலத்தில் மற்றொரு கருத்தும் சேர்ந்துள்ளது. விரியும் ஈயக் குண்டு, உடலுக்குள் நுண்ணிய துகள்களைச் சிதறவிடுகிறது. எஞ்சிய இறைச்சியை உண்ணும் கழுகு போன்ற பறவைகள் ஈய நஞ்சால் மடிகின்றன. இதனால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019 சூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முற்றிலும் தடை செய்தது. முழுவதும் செம்பாலான குண்டுகள் அவற்றின் இடத்தைப் பெற்றுவருகின்றன. குண்டு விலங்கின் உடலில் என்ன செய்கிறது என்று மட்டுமே முன்னோர் கேட்டனர். அவ்வுடல் மடிந்தபின் அது என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கும் கடமை நம் காலத்துக்கு உண்டு.